தேசியக்கொடி: வீட்டில் ஏற்ற நினைக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் கொடி பற்றிய எச்சரிக்கைகள் சுற்ற ஆரம்பித்துவிடும். "இப்படிச் செய்தால் மூன்று வருஷம் ஜெயில்" என்று முடியும் செய்திகளில் பாதி 2002-க்கு முந்தைய விதிகள், மீதி யாரோ கற்பனையில் எழுதியவை. இப்போது நடைமுறையில் இருப்பது 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடிச் சட்டத்தொகுப்பும் (அதில் 2021, 2022-இல் வந்த திருத்தங்களும்), 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும்தான். கீழே உள்ள பதில்கள் அவற்றை வைத்துச் சொன்னவை. நடுநடுவே என் கருத்தும் இருக்கும்.

சாதாரண ஆள் வீட்டில் வருஷம் முழுக்கக் கொடி ஏற்றலாமா?

ஏற்றலாம். எந்த நாளும் ஏற்றலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் இது ரொம்ப நாளாக இருந்த உரிமை இல்லை. 2002 ஜனவரி 26-க்கு முன்பு சுதந்திர தினம், குடியரசு தினம், காந்தி ஜெயந்தி போன்ற சில நாட்களில் மட்டும்தான் பொதுமக்கள் ஏற்றலாம், மற்ற நாளில் அது அரசாங்கக் கட்டடங்களின் சொத்து மாதிரி இருந்தது. அமெரிக்காவில் படித்தபோது வீட்டுக்கு வீடு கொடி பறப்பதைப் பார்த்துவிட்டு வந்த நவீன் ஜிந்தால், ராய்கரில் இருந்த தன் தொழிற்சாலையில் தினமும் கொடி ஏற்றினார். அதிகாரிகள் கூடாது என்றார்கள். அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார், ஜெயித்தார், மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. கடைசியில் 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடி பறக்கவிடுவது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்து வெளிப்பாட்டு உரிமைக்குள் வரும் என்று தீர்ப்புச் சொன்னது. சுதந்திரம் கிடைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, குடிமகன் தன் நாட்டுக் கொடியை ஏற்றுவதற்கு வழக்குப் போட்டு ஜெயிக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்னமும் விசித்திரமாகத்தான் தெரிகிறது.

சூரியன் மறைவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறார்களே?

பழைய விதி. 2022 ஜூலையில் மாற்றிவிட்டார்கள், திறந்த வெளியிலோ பொதுமக்கள் வீட்டிலோ ஏற்றிய கொடி இரவும் பகலும் பறக்கலாம். அந்த ஆண்டு "ஹர் கர் திரங்கா" இயக்கத்துக்காக ஆகஸ்ட் 13 முதல் 15 வரை வீடுதோறும் கொடி ஏற்றச் சொன்னபோது, தினமும் சாயங்காலம் மாடியேறி இறக்குங்கள் என்றால் யாரால் முடியும்?

கதர்த் துணியில்தான் இருக்க வேண்டுமா? பாலியஸ்டர் கூடாதாமே?

2021 டிசம்பர் 30-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பாலியஸ்டரும் சரி, இயந்திரத்தில் நெய்ததும் சரி. பருத்தி, கம்பளி, பட்டு, கதர் எல்லாமே அனுமதிக்கப்பட்டவை. அதற்கு முன்பு கையால் நூற்று, கையால் நெய்த துணி மட்டும்தான்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கர்நாடகத்தில் ஹூப்ளி பக்கம் பெங்கேரியில் 1957-இல் தொடங்கிய ஒரு கதர் கிராமத் தொழில் சங்கம் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்றோடு கதர்க் கொடி செய்வதற்குப் பேர் போன இடம் அது. நூலின் கனம், ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை இழை, சாயம் வெயிலில் வெளுக்குமா, மழையில் கரையுமா, தையலில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை போடு என்று ஒவ்வொன்றையும் பார்த்துச் செய்கிறார்கள், வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். சிக்னலில் கிடைக்கும் பாலியஸ்டர் கொடியோடு இவர்கள் விலையில் போட்டி போட முடியாது. கதர்க் கடையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன், சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும்.

எந்த அளவு வாங்குவது? வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

அகலத்துக்கும் உயரத்துக்கும் 3:2 விகிதம். அதிகாரப்பூர்வமாக ஒன்பது அளவுகள் இருக்கின்றன: பெரியது 6300 × 4200 மி.மீ., சிறியது மேசையில் வைக்கும் 150 × 100. வீட்டு மாடிக்கு 900 × 600 போதும், அதாவது சுமார் மூன்றடிக்கு இரண்டடி, அந்த அளவில் சக்கரத்தின் விட்டம் 185 மி.மீ. இருக்க வேண்டும்.

மலிவுக் கொடிகளில் தப்பு நடப்பது பெரும்பாலும் சக்கரத்தில்தான். ஆரங்களை எண்ணிப் பாருங்கள், 24 இருக்க வேண்டும், கருநீலத்தில் இருக்க வேண்டும் (கறுப்பில் இல்லை), இரண்டு பக்கமும் தெரிய வேண்டும், வெள்ளைப் பட்டையின் நட்ட நடுவில் இருக்க வேண்டும். மூன்று பட்டைகளும் ஒரே உயரமா என்று கையால் மடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பூவை உள்ளே வைத்துக் கட்டி, கயிற்றை இழுத்தால் விரிகிற மாதிரி எப்படிக் கட்டுவது? ஒவ்வொரு வருஷமும் சிக்கிக்கொள்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் நிறையப் பேர் கேட்பது இதைத்தான். மேலே போன பிறகு முடிச்சு அவிழாமல், விருந்தினர் இழுத்துக்கொண்டே இருக்க, கடைசியில் ஒருவர் ஏணி தேடி ஓடுவது எல்லா ஊரிலும் நடக்கிற காட்சி.

கொடியின் கம்பத்துப் பக்க ஓரத்தில் துணியை மடித்துத் தைத்த ஒரு குழல் மாதிரி இருக்கும், அதற்குள் கயிறு ஓடும். கயிற்றின் மேல் முனையில் ஒரு சிறு கட்டையோ வளையமோ இருந்தால் அது காவிப் பக்கம். முதலில் அதைக் கம்பத்துக் கயிற்றின் மேல் பகுதியில் கட்டுங்கள், பிறகு பச்சைப் பக்கத்துக் கயிற்றைக் கீழ்ப் பகுதியில். இதைச் செய்து முடித்துவிட்டு ஒருமுறை கொடியை முழுசாக விரித்து, காவி மேலேதான் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு நிமிஷத்தை மிச்சப்படுத்தப் போய்த்தான் தலைகீழ்க் கொடி செய்திகள் எல்லாம் வருகின்றன.

அப்புறம் கொடியை நீளவாக்கில் மடித்து, நடுவில் ஒரு கைப்பிடி உதிரிப் பூ வையுங்கள். பூ வைப்பதற்கு விதியிலேயே தடையில்லை. ரோஜா இதழ், சாமந்தி இதழ் நல்லது. முழுப் பூ கனமாகி முடிச்சை இறுக்கும், ஈரப் பூ என்றால் துணியில் கறை விழும். கம்பத்தைப் பார்த்துச் சுருட்டிக்கொண்டு வந்து, கீழ்க் கயிற்றின் ஒரு வளைவை மட்டும் சுற்றி உள்ளே செருகி உருவாஞ்சுருக்குப் போடுங்கள். முனையை முழுக்க உள்ளே இழுத்துவிட்டால் அது சாதா முடிச்சாகிவிடும், பிறகு மேலே போய் அவிழாது. இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். நைலான் கயிறு வழுக்கும், புது நூல் கயிறு பிடித்துக்கொள்ளும், ஆகவே எந்தக் கயிறோ அதைக் கொண்டு முதல் நாள் சாயங்காலமே ஒரு தடவை ஏற்றி இழுத்துப் பாருங்கள். கம்பத்து உச்சியில் இருக்கும் கப்பிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஏற்றும்போது விறுவிறுவென்று ஏற்ற வேண்டும், இறக்கும்போது நிதானமாக இறக்க வேண்டும். இது விதியிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் ஏற்றும் முறை வேறு என்கிறார்களே?

வழக்கத்தில் வேறுதான். ஆகஸ்ட் 15 அன்று கொடி கீழிருந்து மேலே ஏற்றப்படும், பிரதமர் செங்கோட்டையில் ஏற்றுவார். ஜனவரி 26 அன்று கொடி ஏற்கெனவே உச்சியில் மடித்துக் கட்டப்பட்டிருக்கும், குடியரசுத் தலைவர் கயிற்றை இழுத்து விரிய வைப்பார். உங்கள் குடியிருப்பில் இரண்டு நாளும் ஒரே மாதிரி செய்தால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

இதோடு சேர்த்து ஒரு விஷயம். நேரு 1947 ஆகஸ்ட் 15-ஆம் தேதியே செங்கோட்டையில் கொடி ஏற்றினார் என்று பலரும் நினைக்கிறார்கள். அன்றைக்கு அவர் ஏற்றியது இந்தியா கேட் பக்கம், செங்கோட்டையில் ஏற்றியது மறுநாள் 16-ஆம் தேதி. சென்னையிலோ 15-ஆம் தேதி விடியற்காலையிலேயே புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பட்டுக் கொடி பத்திரமாக இருக்கிறது, கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் பார்க்கலாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள்.

சுதந்திர தினத்தில் முதலமைச்சர், குடியரசு தினத்தில் ஆளுநர். ஏன் இப்படி?

இதற்குக் காரணம் தமிழ்நாடுதான். 1974-க்கு முன்பு மாநிலங்களில் இரண்டு நாளும் ஆளுநரே ஏற்றினார். டெல்லியில் பிரதமர் ஏற்றும்போது மாநிலத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் ஏன் ஏற்றக் கூடாது என்று மு. கருணாநிதி இந்திரா காந்தி அரசிடம் கேட்டு வாங்கினார். 1974 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் அவரே ஏற்றினார், அன்றிலிருந்து எல்லா மாநில முதலமைச்சர்களும் ஏற்றுகிறார்கள். கட்சி எதுவானாலும் இன்று கொடிக்கயிற்றைப் பிடிக்கும் ஒவ்வொரு முதலமைச்சருக்கும் இந்த உரிமை இப்படித்தான் வந்தது.

காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு. இதுதானே அர்த்தம்?

இல்லை. ஆனால் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1921-இல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) காந்தியிடம் காட்டிய முதல் வடிவத்தில் சிவப்பும் பச்சையும் இருந்தன, அப்போது அவை இரண்டு பெரிய சமயங்களைக் குறித்தன, மற்றவர்களுக்காக வெள்ளையைச் சேர்க்கச் சொன்னார் காந்தி. அதன்பிறகு "எங்கள் நிறம் எங்கே?" என்று வேறு சமூகத்தவர் கேட்க ஆரம்பித்தார்கள், கேட்பதில் நியாயமும் இருந்தது. ஆகவே 1931-இல் காங்கிரஸ் காவி, வெள்ளை, பச்சை என்று புதிதாக அமைத்தபோதே இந்த நிறங்களுக்குச் சமயப் பொருள் கிடையாது என்று தெளிவாக அறிவித்துவிட்டது.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு தீர்மானம் கொண்டுவந்தபோது, நிறங்களுக்கு விளக்கம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் திருத்தணிக்காரரான எஸ். ராதாகிருஷ்ணன். காவி என்பது பற்றின்மை, தலைவர்கள் சொந்த லாபம் பார்க்கக் கூடாது என்பதற்கு. வெள்ளை என்பது ஒளி, உண்மையின் வழி. பச்சை நமக்கும் மண்ணுக்கும், மற்ற உயிர்கள் எல்லாம் நம்பியிருக்கும் பயிர் பச்சைக்கும் உள்ள உறவு. சக்கரம் அறம், அதோடு இயக்கமும்கூட, தேங்கி நின்றால் சாவு, நகர்ந்தால் வாழ்வு என்கிற பொருளில். "காவி வீரம், வெள்ளை அமைதி, பச்சை வளம்" என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதன் சுருக்கம். முதல் நிறத்தில் மட்டும் சுருக்கியவர்கள் முக்கியமானதை விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பதவியில் இருப்பவர்களுக்குச் சொன்ன புத்தியை வீரம் என்று மாற்றிவிட்டோம், கேட்கவும் சுகமாக இருக்கிறது, யாரையும் உறுத்துவதும் இல்லை.

முன்பு ராட்டைதானே இருந்தது? ஏன் சக்கரம் ஆனது?

நேரு சபையில் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது: கொடிக்கு இரண்டு பக்கம் உண்டு. ராட்டையில் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் நூல் சுற்றும் கதிர். கொடியைத் திருப்பிப் பார்த்தால் படம் இடம் வலம் மாறிவிடும். ராட்டையின் சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான். அந்தச் சக்கரத்துக்கு சாரநாத் சிங்கத் தூணில் உள்ள அசோகச் சக்கரத்தின் வடிவத்தை எடுத்தார்கள். காந்திக்கு இதில் மனசு ஒப்பவில்லை, ராட்டை இல்லாத கொடியை வணங்க மாட்டேன் என்கிற அளவுக்குப் பேசினார்.

வடிவமைத்தவர் பிங்கலி வெங்கையாதானே?

மூவர்ணக் கொடிக்கு மூலமான 1921 வடிவத்துக்கு அவர்தான். மசூலிப்பட்டினம் பக்கத்துக்காரர், 1916-இலேயே முப்பது கொடி மாதிரிகளோடு ஒரு சிறு நூல் போட்டவர். 1963-இல் வறுமையில் இறந்தார். 1947-இன் இறுதி வடிவத்தில் சுரையா தியாப்ஜியின் பங்கைச் சொல்கிறவர்களும் உண்டு. ஒரே ஆள் உட்கார்ந்து வரைந்தது இல்லை இது.

கொடி காத்த குமரன் கையில் இருந்தது இதே கொடியா?

கிட்டத்தட்ட. 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் ஊர்வலத்தில் போலீஸ் அடித்துச் சாய்த்தபோது குமரன் விடாமல் பிடித்திருந்தது காங்கிரஸ் கொடி. மறுநாள் இறந்தார், வயது 27. அதே மாதம் 26-ஆம் தேதி, பாஷ்யம் என்கிற ஆர்யா, ராத்திரியோடு ராத்திரியாகப் புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணத்தைக் கட்டிவிட்டு இறங்கினார்.

காரில் கட்டிக்கொள்ளலாமா?

வண்டி முன்பக்கம் கம்பி வைத்துக் கொடி பறக்கவிடும் சலுகை குடியரசுத் தலைவர், ஆளுநர், பிரதமர், அமைச்சர்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள், வெளிநாடுகளில் உள்ள நம் தூதர்கள் போன்றவர்களுக்கு மட்டும்தான். வண்டியின் மேற்கூரையிலோ பானட்டிலோ போர்த்துவது யாருக்கும் அனுமதி இல்லை. டாஷ்போர்டில் சின்னக் கொடி வைக்கிறவர்களை யாரும் தொந்தரவு செய்து நான் பார்த்ததில்லை.

டி-ஷர்ட், முகத்தில் பெயின்ட், மூவர்ணக் கேக்?

உடையில் இடுப்புக்குக் கீழே கூடாது, உள்ளாடை, கைக்குட்டை, தலையணை உறை, நாப்கினில் அச்சடிக்கவோ தைக்கவோ கூடாது. கொடியில் எதுவும் எழுதவும் கூடாது, கிரிக்கெட் மைதானத்தில் நிறையப் பேர் மீறுவது இந்த விதியைத்தான்.

கேக் விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2013-இல் கோயம்புத்தூரில் ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் சக்கரத்தோடு மூவர்ணக் கேக் வெட்டினார்கள் என்று புகார். 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், அவமதிக்கும் நோக்கம் இல்லாதபோது அது குற்றமாகாது என்று வழக்கை ரத்து செய்தார். எட்டு வருஷம், ஒரு கேக்குக்கு.

தெரியாமல் தலைகீழாக ஏற்றிவிட்டோம். ஜெயிலா?

இல்லை. 1971 சட்டத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டுச் சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்பது உண்மை, ஆனால் காவியைக் கீழே வைத்து ஏற்றுவதும் சரி, தரையில் படவிடுவதும் சரி, "வேண்டுமென்றே" செய்தால்தான் குற்றம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. உடனே இறக்கி, சரியாகக் கட்டி, மறுபடி ஏற்றுங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பவரைக் கயிறு பிடிக்கக் கூப்பிடுங்கள்.

வேறு நாடுகளில் தலைகீழ்க் கொடிக்குப் பொருளே வேறு. பிலிப்பைன்ஸ் கொடியைச் சிவப்பு மேலே வரும்படி ஏற்றினால் நாடு போரில் இருக்கிறது என்று அர்த்தம்.

சுவரில் தொங்கவிட்டால் எந்தப் பக்கம் காவி?

படுக்கையாக என்றால் காவி மேலே. செங்குத்தாக என்றால் பார்ப்பவருக்கு இடது கைப் பக்கம் காவி.

பக்கத்தில் சங்கக் கொடி, கட்சிக் கொடி ஏற்றலாமா?

தேசியக்கொடியை விட உயரமாகவோ, அதை ஒட்டிச் சரிசமமாகவோ கூடாது. ஒரே கம்பத்தில் இரண்டு கொடி கூடவே கூடாது.

அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது எப்படி?

நேராகப் பாதியில் நிறுத்தக் கூடாது. முதலில் உச்சி வரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். சாயங்காலம் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்குக் கொண்டுபோய்த்தான் இறக்க வேண்டும். அரசு துக்கம் அறிவித்தால் அரசுக் கட்டடங்களில் செய்வது இது. ஆகஸ்ட் 15, ஜனவரி 26, அக்டோபர் 2 போன்ற நாட்களில் துக்கம் வந்தால், இறந்தவரின் உடல் இருக்கும் கட்டடம் தவிர வேறெங்கும் அரைக்கம்பம் கிடையாது.

தாத்தா காலமானார், நாட்டுப்பற்றுள்ளவர். உடல் மேல் கொடி போர்த்தலாமா?

கூடாது. அரசு மரியாதை, ராணுவம், துணை ராணுவப் படைகளின் இறுதிச் சடங்குகளில் மட்டும்தான் அனுமதி. அங்கேகூடக் காவிப் பக்கம் தலைமாட்டில் இருக்க வேண்டும், குழிக்குள் இறக்குவதற்கும் சிதையில் வைப்பதற்கும் முன்னால் கொடியை எடுத்துவிட வேண்டும்.

கிழிந்துபோன, வெளுத்துப்போன கொடியை என்ன செய்வது?

நிஜமாகவே எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது, கேட்பவர்கள்தான் குறைவு. ஏற்றும் அன்று இருக்கும் உற்சாகம் செப்டம்பரில் இருப்பதில்லை. இரவு பகலாகப் பறக்கலாம் என்று ஆன பிறகு, மாடிக் கம்பியில் மாட்டியதை அப்படியே மறந்துவிட்டு, ஐப்பசி மழையில் நனைந்து, ஓரம் நாராகி, காவி எது வெள்ளை எது என்று தெரியாமல் தொங்குகிற கொடிகளை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். சேதமான கொடியைப் பறக்கவிடுவதும் விதிமீறல்தான்.

விதி சொல்வது: தனிமையில், முழுசாக, மரியாதையோடு அழிக்க வேண்டும், எரிப்பது நல்லது. கிழித்துக் குப்பையில் போடுவதோ, துடைக்கும் துணி ஆக்குவதோ கூடாது. கதர் சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் உருகிக் கரும்புகை விடும், மூச்சும் முட்டும், வீட்டுக்குள் வைத்துக் கொளுத்தாதீர்கள். மரியாதையான வேறு வழிக்கும் விதியில் இடமிருப்பதால், பாலியஸ்டர் என்றால் மடித்துச் சுத்தமான துணியில் சுற்றி மண்ணில் புதைக்கலாம் என்பது என் யோசனை, மக்காது என்பது தெரிந்தும்தான் சொல்கிறேன்.

நல்ல நிலையில் இறக்கிய கொடியை மடிக்கும் முறை: படுக்கையாகப் பிடித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடியுங்கள். பிறகு இரண்டு ஓரத்தையும் உள்நோக்கி மடித்து, மேலே சக்கரம் தெரியும்படி முடியுங்கள். நனைந்திருந்தால் நிழலில் காயவைத்துவிட்டு மடியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஜனவரியில் பூஞ்சைதான் மிஞ்சும்.

காகிதக் கொடி, பிளாஸ்டிக் கொடி?

காகிதக் கொடியை விழாக்களில் பிடிக்கலாம், முடிந்ததும் தரையில் போடக் கூடாது. பிளாஸ்டிக் வேண்டாம் என்று உள்துறை அமைச்சகம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் மிட்டாய் கொடுக்கும் இடத்திலேயே ஒரு அட்டைப்பெட்டி வைத்து, சட்டையில் குத்திய கொடியைப் போட்டுவிட்டு மிட்டாய் வாங்கச் சொன்னால் வேலை முடிந்தது.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். என் வீட்டு ஜன்னலில் இந்தியக் கொடி மாட்டலாமா?

மாட்டாதீர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வெளிநாட்டுத் தேசியச் சின்னங்களைப் பொது இடத்தில் தெரியும்படி காட்சிக்கு வைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1949-இலிருந்தே இருக்கிறது, தூதரகங்களுக்கு விலக்கு உண்டு. ஆகஸ்ட் 15 காலையில் இந்தியத் தூதரகத்தில் கொடியேற்றம் நடக்கும், நேரத்தை அவர்கள் முன்கூட்டியே அறிவிப்பார்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள், வாசலில் வரிசை நீளமாக இருக்கும்.